இலத்தீன் வினையடை: லத்தினும் எழுதப் போகிறவர்களுக்கு

ஜேர்மனியில் வரலாறு, இறையியல் போன்ற பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் எடுப்பவர்களில் பலரிடம் லத்தினும் என்ற இலத்தீன் மொழிச் சான்றிதழைக் கேட்பார்கள். எந்தப் பாடத்துக்கு, எந்தக் கட்டத்தில் கேட்பார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பரீட்சையின் சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். ரோமப் பேச்சாளர் சிசரோவோ அவரைப் போன்ற இன்னொருவரோ எழுதிய மூலப்பகுதி ஒன்றைத் தருவார்கள். இருமொழி அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை ஜேர்மன் மொழிக்கு மாற்ற வேண்டும். அப்புறம் வாய்மொழிப் பரீட்சை. பாடசாலையில் இலத்தீன் பக்கமே போகாமல் வரலாறு படிக்க வந்த நானும் இதைத் தாண்டித்தான் வந்தேன்.

வேற்றுமை அட்டவணைகளையும் வினைத் திரிபுகளையும் எப்படி மனனம் செய்வது என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வினையடையைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. அது திரியாத சொல், ஒரே வகுப்பில் முடித்துவிடலாம் என்பது ஆசிரியர்களின் கணக்கு. நான் பார்த்தவரை புள்ளிகள் சத்தமில்லாமல் கழிவது இங்கேதான். தமிழ் தெரிந்தவர்களுக்குக் கூடுதல் வசதி இருப்பதும் இங்கேதான். அதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதல் வசதி நம் எழுத்தே. இலத்தீன் மூலநூல்களை அச்சிடும்போது பொதுவாக நெடில் குறில் காட்டுவதில்லை. அகராதியிலும் தொடக்கப் பாடநூல்களிலும் மட்டும் நெடிலுக்கு மேலே கோடு இருக்கும். தமிழில் எ-ஏ, ஒ-ஓ தனித்தனி எழுத்துகள். அதனால் புதுச் சொற்களை நான் குறிப்பேட்டில் தமிழில்தான் எழுதி வைப்பேன். ‘வேரே’ என்றால் உண்மையாக. ‘வேரெ’ என்றால் வசந்த காலத்தில். பரீட்சைத் தாளில் இரண்டும் ஒரே மாதிரித்தான் அச்சாகியிருக்கும். குறிப்பேட்டில் தமிழில் இருந்தால் குழப்பமே வராது. ‘ஸேரோ’ என்றால் காலம் தாழ்த்தி, ‘ஸெரோ’ என்றால் நான் விதைக்கிறேன். க, த, ப எழுத்துகளில் ஒலிப்பு வேறுபாடு தெரியாது என்ற குறை இருக்கத்தான் செய்கிறது. அதை வாய்விட்டு வாசித்துச் சரிக்கட்டலாம். இங்கேயும் இலத்தீன் சொற்களை அப்படியே தமிழில் எழுதுகிறேன். உச்சரிப்பு பழைய ரோமானிய முறை. சிசரோ, சீசர் போன்ற பெயர்களை மட்டும் நமக்குப் பழகியபடி விட்டிருக்கிறேன்.

சரி, வினையடை எப்படி உருவாகிறது? இதற்கு ஒலிம்பிக் வாசகத்தைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. ‘கித்தியுஸ், அல்த்தியுஸ், ஃபொர்த்தியுஸ்.’ இன்னும் விரைவாக, இன்னும் உயரமாக, இன்னும் வலிமையாக. ஆன்றி திதோன் என்ற தொமினிக்கன் சபைப் பாதிரியாரின் வாசகம் இது. 1894இல் சர்வதேச ஒலிம்பிக் குழு உருவானபோது பியர் தெ குபெர்த்தேன் இதை எடுத்துக்கொண்டார். 2021இல் தோக்கியோவில் கூடியபோது இதன் பின்னால் ‘கொம்மூனித்தெர்’ என்ற நான்காவது சொல்லைச் சேர்த்தார்கள். ஒன்றாக, சேர்ந்து என்று பொருள். நான்கு சொற்களும் வினையடைகள். வினை ஒன்றுகூட இல்லை.

முதல் மூன்றும் ஒப்பீட்டு வடிவங்கள். ஒப்பீட்டில் எல்லாம் ‘-இயுஸ்’ என்றே முடிவதால் அவற்றின் பிறப்பு மறைந்துவிடுகிறது. பின்னோக்கிப் போனால் மூன்றும் மூன்று குடும்பம். அல்த்துஸ் என்ற பெயரடையிலிருந்து ‘அல்த்தே’: உயரமாக, அல்லது ஆழமாக. இலத்தீனில் இரண்டுக்கும் ஒரே சொல். ஃபொர்த்திஸ் என்பதிலிருந்து ‘ஃபொர்த்தித்தெர்’. கித்துஸ் என்பதிலிருந்து ‘கித்தொ’. ஆக ‘-ஏ’, ‘-இத்தெர்’, ‘-ஓ’ என்ற மூன்று ஈறுகளும் ஒரே வாசகத்தில் ஒளிந்திருக்கின்றன. கித்தொ மட்டும் ஏன் குறிலில் முடிகிறது என்றால், முதல் அசையும் குறிலாக இருக்கும் ஈரசைச் சொற்கள் சிலவற்றில் கடைசி நெடிலும் பேச்சில் குறுகிவிட்டது. நன்றாக என்ற ‘பெனெ’, மோசமாக என்ற ‘மலெ’ இரண்டும் இப்படிக் குறுகியவையே. அல்த்தே, லாத்தே என்று நெடிலில் முடியும் கூட்டத்தில் இவை தனியாக நிற்பதன் காரணம் இதுதான்.

விதி எளிது. முதலாம், இரண்டாம் வகைப் பெயரடை (அல்த்துஸ் போன்றவை) என்றால் ‘-ஏ’. மூன்றாம் வகை (ஃபொர்த்திஸ் போன்றவை) என்றால் ‘-இத்தெர்’. ‘-ந்ஸ்’ என்று முடியும் பெயரடைக்கு ‘-ந்தெர்’: ஸப்பியேன்ஸ், ஸப்பியெந்தெர். அடிச்சொல்லை எழுவாய் வடிவத்திலிருந்து எடுக்காமல் ஆறாம் வேற்றுமை வடிவத்திலிருந்து எடுங்கள். புல்க்கெர் என்ற அழகானவனுக்கு ஆறாம் வேற்றுமை புல்க்ரீ, அதனால் அழகாக என்பது புல்க்ரே. மிஸெர் என்ற பாவப்பட்டவனுக்கு மிஸெரீ, அதனால் மிஸெரே. இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் எ எங்கே மறையும், எங்கே மறையாது என்று ஊகிக்கத் தேவையில்லை. விதிக்கு அடங்காதவை உண்டு. துணிவாக என்பதற்கு ‘அவுதாக்தெர்’ என்று இடையில் இ இல்லாமல் வரும். எளிதாக என்பதற்கு ‘-இத்தெர்’ வடிவத்தை எதிர்பார்த்தால் நல்ல எழுத்தாளர்கள் ‘ஃபகிலெ’ என்று பெயரடையின் நடுப்பால் வடிவத்தையே எழுதியிருப்பார்கள். நடுப்பால் என்றால் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. மிகவும் என்ற ‘முல்த்தும்’, மிகக் கூடுதலாக என்ற ‘நிமியும்’ இவையும் இந்தக் கணக்கே. விண்வெளி நிறுவனமான புளூ ஒரிஜினின் வாசகம் ‘க்ரதாத்திம் ஃபெரோகித்தெர்’, படிப்படியாக, மூர்க்கமாக. இரண்டாம் சொல் ஃபெரோக்ஸ் என்ற மூன்றாம் வகைப் பெயரடையிலிருந்து ஒழுங்காக வந்தது. முதல் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

வகுப்பில் ஜேர்மன் நண்பர்கள் தடுமாறியதைப் பார்த்துத்தான் இரண்டாவது வசதி எனக்கு விளங்கியது. ஜேர்மன் மொழியில் வினையடைக்குத் தனி ஈறு கிடையாது. அந்தக் கார் ‘ஷ்னெல்’, அவன் ‘ஷ்னெல்’ ஓடுகிறான். இரண்டுக்கும் ஒரே வடிவம். ஆகவே ‘மீலெஸ் ஃபொர்த்திஸ் புக்னத்’ என்பதையும் ‘மீலெஸ் ஃபொர்த்தித்தெர் புக்னத்’ என்பதையும் அவர்கள் ஒரே வீச்சில் ஒரே மாதிரி எழுதிவிட்டுப் போவார்கள். நமக்கு அது முடியாது. வீரமான போராளி சண்டையிடுகிறான், போராளி வீரமாகச் சண்டையிடுகிறான் என்று ‘ஆன’வும் ‘ஆக’வும் நம்மைப் பிடித்து நிறுத்தும். ஆகையால் என் முறை இது: ஜேர்மனில் எழுதுவதற்கு முன் தலைக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். ‘ஆன’ வந்தால் பெயரடை, ‘ஆக’ வந்தால் வினையடை.

இந்த முறை ஓரிடத்தில் ஏமாற்றும். அந்த இடம் பரீட்சைகளில் அடிக்கடி வருவது. ரோமப் பேரரசர் தித்துஸ் யூத அரசி பெரெனிகேயைக் காதலித்தார். அரியணை ஏறியதும் அவரைத் தலைநகரிலிருந்து அனுப்ப வேண்டியதாயிற்று. வரலாற்றாசிரியர் ஸுவெத்தோனியுஸ் அதை ஒரே வரியில் முடிக்கிறார்: ‘பெரெனிகேன் ஸ்தத்திம் அப் உர்பெ தீமீஸித் இன்வீத்துஸ் இன்வீத்தம்.’ ஸ்தத்திம் என்பது உடனே; வினையடை. இன்வீத்துஸ், இன்வீத்தம் இரண்டும் பெயரடைகள். ஆனால் தமிழில் எப்படிச் சொல்வோம்? பெரெனிகேயை உடனே நகரைவிட்டு அனுப்பினார், தானும் மனமில்லாமல், அவளும் மனமில்லாமல். நாம் வினையடையாகத்தான் சொல்ல முடியும். இலத்தீன் இங்கே பெயரடையை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இன்வீத்துஸ் ஆண்பால் எழுவாய், இன்வீத்தம் பெண்பால் செயப்படுபொருள். யாருக்கு மனமில்லை என்பதை ஈறே சொல்லிவிடுகிறது. வினையடை திரியாது என்பதால் அதற்கு அந்த வேலை வராது. ‘தானும்’, ‘அவளும்’ என்று நாம் இரண்டு சொல் செலவழிக்கும் இடத்தில் இலத்தீனுக்கு இரண்டு ஈறு போதும்.

மனநிலை சொல்லும் பெயரடைகளில் இது வழக்கம். மகிழ்ச்சியாகத் திரும்பினான் என்பதற்கு ‘லய்த்துஸ் ரெதியித்’. மகிழ்ந்தவன் திரும்பினான் என்று பெயர்த்தால் பிழை. முதலாவது, தனி என்ற சொற்களும் இப்படியே. ‘ப்ரீமுஸ் வேனித்’ என்றால் வந்தவர்களில் அவனே முதல் ஆள். ‘ப்ரீமும் வேனித்’ என்றால் முதலாவதாக வந்தான், பிறகு வேறு எதையோ செய்தான். ‘ப்ரீமோ’ என்றால் தொடக்கத்தில், பிறகு நிலைமை மாறியது. மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரீமும், ப்ரீமோ என்றதும் வினையடை ஈறுகளின் வயதைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. இவை வானத்திலிருந்து விழுந்த ஈறுகள் கிடையாது; பழைய வேற்றுமை வடிவங்கள் உறைந்து போனவை. கி.மு. 186இல் ரோமின் ஆட்சிமன்றமான செனற், மதுக்கடவுள் பாக்கஸின் வழிபாட்டைக் கட்டுப்படுத்தி ஓர் ஆணை பிறப்பித்தது. தென் இத்தாலியின் திரியோலோவில் கிடைத்த அதன் வெண்கலப் பட்டயம் இன்று வியன்னாவில் இருக்கிறது. மிக எளிதாக என்பதற்குப் பிற்கால இலத்தீனில் ‘ஃபகில்லிமே’ என்போம். பட்டயத்தில் ‘ஃபகிலுமேத்’ என்று கடைசியில் ஒரு மெய்யோடு வெட்டியிருக்கிறார்கள். அந்த மெய் பழைய ஆப்லட்டிவ் வேற்றுமையின் அடையாளம். ஆல், இல், இருந்து என்று நாம் தனித்தனி உருபுகளால் சொல்வதையெல்லாம் ஒரே வடிவத்தில் சொல்லும் வேற்றுமை அது. ‘-ஏ’யும் ‘-ஓ’வும் இரண்டுமே அங்கிருந்து வந்தவை.

இது வெறும் வரலாற்றுத் தகவல் என்று நினைக்க வேண்டாம். ஒரே பெயரடையிலிருந்து ‘-ஏ’ வடிவமும் ‘-ஓ’ வடிவமும் வரும்போது பொருள் பிரிவதை இது விளங்கவைக்கும். உண்மை என்ற வேருஸ் என்பதிலிருந்து வேரே, வேரோ என்று இரண்டு. வேரே என்பது உண்மையாக. வேரோ என்பது உண்மையில். உண்மையாகச் சொன்னான், உண்மையில் சொன்னான் என்று நாமும் பிரிக்கிறோமே, அதே பிரிவுதான். முதலாவதாக, முதலில் என்பதும் அப்படியே: ப்ரீமும், ப்ரீமோ. தமிழ் ‘இல்’ உறைந்து வினையடையானது போல இலத்தீன் ‘-ஓ’ உறைந்திருக்கிறது. திடீரென்று என்ற ஸுபித்தோ, அரிதாக என்ற ராரோ, பாதுகாப்பாக என்ற தூத்தோ, பொய்யாக என்ற ஃபல்ஸோ எல்லாம் இந்த வகை.

வேரோ இன்னும் ஒரு படி போய்விட்டது. வாக்கியத்தின் இரண்டாவது இடத்தில் அது வந்தால் பெரும்பாலும் உண்மை என்ற பொருளே இராது. முன்னால் சொன்னவரிடமிருந்து அடுத்தவரைப் பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். அகராதியில் ஆனால், உண்மையாகவே, ஆம் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். எதை எடுப்பது என்று நண்பர்கள் விழிக்கும் நேரத்தில் எனக்குத் தமிழ் ‘ஓ’ உதவியது. ‘கய்ஸர் வேரோ’ என்றால் சீசரோ. மற்றவர்கள் ஓடினார்கள், சீசரோ நின்றார். அந்த ‘ஓ’வை உணர்ந்துகொண்டால் ஜேர்மனில் எந்தச் சொல்லைப் போடுவது என்பது தானாக வரும். கெர்த்தே, கெர்த்தோ ஜோடியும் இதே மாதிரிப் பிரியும். நிச்சயமாகத் தெரியும் என்பதற்கு ‘கெர்த்தோ ஸ்கியோ’ என்பார்கள். கெர்த்தே என்பதும் நிச்சயமாகத்தான். ஆனால் பல இடங்களில் குறைந்தபட்சம் என்று இறங்கிவிடும்.

ஆப்லட்டிவ் வடிவம் உறைந்து வினையடையாவது பழங்கதையோடு முடியவில்லை. இத்தாலியனோ ஸ்பானியமோ படிக்கப் போகிறவர்கள் ‘-மெந்தே’ என்ற ஈற்றைக் காண்பீர்கள். மெதுவாக என்பது இரண்டிலும் ‘லெந்தமெந்தே’. மேன்ஸ் என்றால் மனம், அதன் ஆப்லட்டிவ் ‘மெந்தெ’. கத்துல்லுஸ் என்ற கவிஞர் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும்போது ‘ஒப்ஸ்தினாத்தா மெந்தெ’ பொறுத்துக்கொள் என்கிறார்; பிடிவாதமான மனத்தோடு. அவருக்கு அது இரண்டு சொல். பின்னால் வந்தவர்களுக்கு அது ஒரே சொல்லின் ஈறாகிவிட்டது. மேன்ஸ் பெண்பால் என்பதால்தான் இன்றைக்கும் ஸ்பானியத்தில் பெயரடையின் பெண்பால் வடிவத்தோடு அந்த ஈறு ஒட்டுகிறது. நம் ‘மனதார’வை நினைத்துக்கொண்டால் இது மறக்காது. பேரரசர் அகுஸ்துஸ் விரும்பிச் சொன்னதாக ‘ஃபெஸ்தீனா லெந்தே’, மெதுவாக விரை, என்று ஒரு வாசகம் உண்டு. அவர் அதைக் கிரேக்கத்தில் சொல்வார் என்றுதான் ஸுவெத்தோனியுஸ் எழுதுகிறார். இருக்கட்டும், ‘-ஏ’ ஈற்றுக்கு மறக்க முடியாத உதாரணம்.

இப்போது ‘க்ரதாத்திம்’. ‘-திம்’ என்று முடியும் கூட்டம் எனக்குப் பிடித்தமானது. அதிலுள்ள ‘-இம்’ பழைய இரண்டாம் வேற்றுமை ஈறு. க்ரதுஸ் என்றால் படி, க்ரதாத்திம், படிப்படியாக. பௌலாத்திம், கொஞ்சம் கொஞ்சமாக. விர் என்றால் ஆள், விரீத்திம், ஆளாளுக்கு. இதைப் பார்த்தீர்களா, தமிழில் இவற்றுக்கெல்லாம் இரட்டித்த சொற்கள் இருக்கின்றன. ‘-ஆத்திம்’, ‘-ஈத்திம்’ பார்த்தவுடன் தமிழில் ஒரு இரட்டைச் சொல்லைத் தேடுவது என் பழக்கமாகிவிட்டது. எல்லா இடத்திலும் பொருந்தாது. ஃபூர் என்ற திருடனிலிருந்து வந்த ஃபூர்த்திம் களவாகத்தான். ஸ்தத்திம் நிற்பது என்ற வினையோடு சேர்ந்தது. நின்ற நிலையிலேயே, அதனால் உடனே. ஆஸ்பத்திரிகளில் ‘ஸ்டாட்’ என்று எழுதுவது இதன் சுருக்கம். அடியோடு, வேரோடு என்று சொல்ல ‘-இத்துஸ்’ ஈறு: ஃபுந்துஸ் என்ற அடியிலிருந்து ஃபுந்தித்துஸ், வேரிலிருந்து ராதீகித்துஸ். இந்தக் கூட்டம் சின்னது. பரீட்சையில் வந்தால் அகராதி பார்த்துக்கொள்ளலாம்.

சொற்றொடரே ஒட்டிப்போய் வினையடையான சொற்களும் உண்டு. ஹோக் தியே, இந்த நாளில். அது ஹொதியே, இன்று. தே நொவோ, புதிதிலிருந்து. அது தேனுவோ, மறுபடியும். ஸ்கீரெ லிகெத், அறிந்துகொள்ளலாம். அது ஸ்கீலிகெத், அதாவது. மக்னோ ஒபெரெ, பெரும் உழைப்போடு. அது மக்னொப்பெரெ, மிகவும். மக்னுஸ் என்ற பெயரடையிலிருந்து ‘மக்னே’ என்று ஒன்றை உருவாக்கிவிடாதீர்கள். இதன் ஒப்பீடு ‘மகிஸ்’, உச்சம் ‘மக்ஸிமே’. பெனெ, மெலியுஸ், ஒப்திமே. மலெ, பெய்யுஸ், பெஸ்ஸிமே. இந்த ஒழுங்கற்ற ஒப்பீடுகளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மனனம் செய்யுங்கள். வேறு வழியில்லை. ஒப்பீட்டுக்குத் தமிழில் தனி ஈறு இல்லாததால் ‘இன்னும்’, ‘சற்று அதிகமாக’ என்று சேர்க்க மறந்துவிடுவோம். இந்த ஓர் இடத்தில் தமிழ் நம்மை வழுக்கிவிடும். ‘க்வம் கெலெர்ரிமே’ என்று உச்ச வடிவத்துக்கு முன் க்வம் வந்தால், முடிந்தவரை விரைவாக.

ஈழத்தமிழ் பேசுகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வசதியும் உண்டு. இடம் சொல்லும் வினையடைகள் இலத்தீனில் மூன்று வரிசை: ஹீக், இஸ்தீக், இல்லீக். என் பக்கத்தில், உன் பக்கத்தில், இரண்டு பேருக்கும் தள்ளி. ஜேர்மன் வகுப்பில் நடுவில் இருப்பதை விளக்க ஆசிரியர் கையைக் காலை ஆட்ட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்தவருக்கு இது இங்கே, உங்கே, அங்கே. அவ்வளவுதான். இவற்றிலேயே இங்கிருந்து, இங்கே நோக்கி என்று தனி வடிவங்கள் உண்டு: ஹீக், ஹிங்க், ஹூக். உங்கேயும் அங்கேயும் அதே ஓட்டம்: இஸ்தீக், இஸ்திங்க், இஸ்தூக், இல்லீக், இல்லிங்க், இல்லூக்.

கி.மு. 63இல் சிசரோ செனற்றில் சதிகாரன் கத்திலீனாவைப் பார்த்து முழங்கிய உரையின் தொடக்கத்தில் இதெல்லாம் ஒன்றுகூடி வருகிறது. ‘க்வோ ஊஸ்க்வெ தந்தெம் அபூத்தேரெ, கத்திலீனா, பதியெந்தியா நொஸ்த்ரா?’ முதல் மூன்று சொற்களும் வினையடைகள். க்வோ, எங்கே நோக்கி. ஊஸ்க்வெ, வரைக்கும். தந்தெம் என்றால் அகராதி முதலில் தரும் பொருள் ஒருவழியாக, கடைசியில். கேள்விக்குள் வரும்போது அது பொறுமை இழந்த குரல். ஒருவழியாக எதுவரை எங்கள் பொறுமையைச் சோதிப்பாய் என்று எழுதினால் வாக்கியம் செத்துவிடும். தமிழில் அதற்கு ஓர் இடைச்சொல் காத்திருக்கிறது: எதுவரைக்கும்தான் கத்திலீனா, எங்கள் பொறுமையைச் சோதிக்கப் போகிறாய்? அந்தத் ‘தான்’ என்பதே தந்தெம். அடுத்த வரி: ‘க்வம் தியூ எத்தியம் ஃபுரொர் இஸ்தெ துவுஸ் நோஸ் ஏலூதெத்?’ உந்த உன் வெறி இன்னும் எவ்வளவு காலத்துக்கு எங்களை ஏய்க்கும்? இஸ்தெ என்பது உந்த, துவுஸ், உன். ‘உந்த’வில் சில வேளை ஒட்டிக்கொள்ளும் இளக்காரம் உட்பட அப்படியே இருக்கிறது. இந்த இரண்டு வரியையும் வாய்ப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வினையடை இலவசமாகக் கிடைக்கும்.

புள்ளி கழிவது எங்கே என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது பெரும்பாலும் இந்தச் சின்னச் சொற்களில்தான். ஃபொர்த்தித்தெர் போன்ற நீளமான சொல்லை யாரும் விட்டுவிட மாட்டார்கள். பய்னெ, விக்ஸ், இயம் போன்றவை கண்ணில் படாமல் போகும். பய்னெ என்றால் கிட்டத்தட்ட; அதை விட்டால் கொல்லப்படப் பார்த்தவன் கொல்லப்பட்டவன் ஆகிவிடுவான். விக்ஸ் என்றால் அரும்பாடுபட்டு, மயிரிழையில். ‘நோன் இயம்’ என்பது இனி இல்லை, ‘நோந்தும்’ என்பது இன்னும் இல்லை. இரண்டையும் மாற்றிப் போட்டால் கதையின் காலமே புரண்டுவிடும். ‘நே’ ஒரு பக்கம், ‘க்விதெம்’ ஒரு பக்கம் நின்றால் நடுவிலிருப்பது ‘கூட இல்லை’: நே கய்ஸர் க்விதெம், சீசர்கூட இல்லை. மொழிபெயர்ப்பு முடிந்ததும் மூலத்தை இன்னொருமுறை சின்னச் சொற்களுக்காக மட்டும் வாசியுங்கள். ஒவ்வொன்றும் உங்கள் ஜேர்மன் வாக்கியத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

வினையடை எதைத் தழுவுகிறது என்பதையும் நிதானமாகப் பாருங்கள். அது எப்போதும் வினையை மட்டும் தழுவும் என்று நினைத்தால் சீசரின் கால்லியப் போர்க் குறிப்புகளின் முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். பெல்கர்கள் ஏன் எல்லாரிலும் வீரமானவர்கள் என்று காரணம் சொல்லும்போது, அவர்கள் நாகரிகத்திலிருந்து ‘லொங்கிஸ்ஸிமே’, மிகத் தொலைவில் இருக்கிறார்கள் என்கிறார். அப்புறம் ‘மினிமேக்வெ அத் எயோஸ் மெர்காத்தோரேஸ் ஸய்பெ கொம்மெயந்த்’. மினிமே, மிகக் குறைவாக. ஸய்பெ, அடிக்கடி. நடுவில் அவர்களிடம், வணிகர்கள் என்று மூன்று சொற்கள். மினிமே தழுவுவது ஸய்பெயை. வணிகர்கள் அவர்களிடம் மிக அரிதாகவே போய்வருகிறார்கள் என்பது பொருள். இரண்டையும் தனித்தனியாக வினையோடு கட்டினால் குறைவாகவும் அடிக்கடியும் வருகிறார்கள் என்று அபத்தமாகிவிடும். வாக்கியத்தில் இரண்டு வினையடை தெரிந்தால் ஒன்று மற்றொன்றைத் தழுவுகிறதா என்பதை முதலில் கேளுங்கள்.

அகராதி பற்றியும் ஒரு வார்த்தை. பல வினையடைகள் தனித் தலைச்சொல்லாக இராது. பெயரடையின் கீழே கடைசியில் ஒரு வரியில் கிடக்கும். கெலெரித்தெர் கிடைக்காவிட்டால் கெலெர் பாருங்கள். ‘-இயுஸ்’ என்று முடியும் சொல் என்றால் ஈற்றைக் கழற்றிவிட்டுப் பெயரடையைத் தேடுங்கள். ஒப்பீட்டுப் பெயரடையின் நடுப்பாலும் ‘-இயுஸ்’ என்றே முடிவதால், பிறகு பக்கத்தில் அதோடு ஒத்துப்போகும் நடுப்பால் பெயர்ச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் பெயரடை, இல்லாவிட்டால் வினையடை. ஃபகிலெக்கும் இதே சோதனைதான். ‘ஃபொர்த்தெ’ மட்டும் கொஞ்சம் விஷமம் பிடித்த சொல். ஃபொர்த்திஸின் நடுப்பாலும் அதுவே, தற்செயல் என்று பொருள்படும் ஃபொர்ஸ் என்ற சொல்லின் ஆப்லட்டிவும் அதுவே. இரண்டிலும் குறில். தமிழில் எழுதினாலும் உதவாது. கதை சொல்லும் பகுதியில் பெரும்பாலும் தற்செயலாகத்தான்.

வாய்மொழிப் பரீட்சையில் இந்த வடிவம் எதிலிருந்து வந்தது என்று கேட்டால் மூன்று விஷயத்தை வரிசையாகச் சொல்லிப் பழகுங்கள்: மூலப் பெயரடை, அது எந்த வகை, ஒப்பீட்டு நிலை. லொங்கிஸ்ஸிமே என்றால் லொங்குஸிலிருந்து, முதலாம் இரண்டாம் வகை, உச்ச நிலை. இன்வீத்துஸ் போன்ற ஒன்றைக் காட்டிக் கேட்டால் வினையடை என்று சொல்லிவிடாமல், பெயரடை, எழுவாயோடு ஒத்துப்போகிறது, மொழிபெயர்ப்பில் வினையடையாகிறது என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் வேறு இலக்கணத்துக்குப் போய்விடும்.